கடின நீரும் காய்ந்த நுரையும்: கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாகனக் கழுவகம் தன் முறையை மாற்றிய விதம்

பின்னணி

ஏ9 வீதியில், கிளிநொச்சி நகரைத் தாண்டிய பின் வீதியோரம் இருக்கும் ஒரு சிறிய வாகனக் கழுவகத்தில் நடந்தது இது. ஆட்களின் பெயரும் இடத்தின் சரியான அடையாளமும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. இரண்டு மச்சான்மார் சேர்ந்து தொடங்கிய தொழில். ஆரம்பத்தில் தோட்டத்துக்கு இறைக்கும் மோட்டரும் ஒரு நீளக் குழாயும்தான் கருவி. மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்தான் வந்தன. பிறகு பிரஷர் மெஷின் ஒன்றும் அதில் பூட்டி நுரை அடிக்கும் ஃபோம் கன்னும் வாங்கி, வாசலில் "ஃபோம் வோஷ்" என்று பலகை வைத்தார்கள். அதன் பிறகு கொழும்பு ஓட்டம் ஓடும் வான்களும் வாடகைக் கார்களும் நிற்கத் தொடங்கின. சம்பளத்துக்கு இரண்டு இளைஞர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

மெஷின் சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுவது. தகட்டில் 2.2 கிலோவாற், 150 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 8 லீற்றர் என்று இருந்தது. தண்ணீர் குழாய்க்கிணற்றிலிருந்து 1000 லீற்றர் கறுப்புத் தாங்கிக்கு ஏறி, இரண்டரை மீற்றர் உயரத்திலிருந்து இறங்கி வரும். வன்னியில் பல இடங்களில் உள்ளது போலவே சுண்ணாம்புச் சத்துக் கூடிய கடின நீர். கேத்திலின் அடியில் சில கிழமையிலேயே வெள்ளைப் படை பிடிக்கும், தலைக்குச் சவர்க்காரம் போட்டால் பிசுக்குப் போகாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயத்தைத் தொழிலோடு சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

அழுக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏ9 காப்பெற் வீதி. ஆனால் அதிலிருந்து இறங்கும் உள் வீதிகளில் பெரும்பகுதி கிரவல். கோடையில் அந்தப் புழுதி மாவைப் போல வாகனத்தில் படியும். தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் அதற்குள் படிகக்கல் மணல் கலந்திருக்கும். படிகக்கல் கண்ணாடியையே கீறக்கூடியது. பெயின்ற்றின் மேலுள்ள நிறமற்ற பூச்சு அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. மாரியில் நிலைமை வேறு. வயல் ஓரத்துக் களிமண் சக்கர வளைவுக்குள் அப்பி, காய்ந்து, ஓடு மாதிரி இறுகிவிடும்.

முறைப்பாடு

ஆவணி மாத நடுப்பகுதியில், கடும் நீல நிற ஹைரூஃப் வான் ஒன்றின் சொந்தக்காரர் முறைப்பாட்டோடு வந்தார். ஐந்து கிழமையில் நான்கு தடவை அங்கே கழுவியிருந்தார். மூன்று குறைகளைக் காட்டினார். பொனற்றிலும் கூரை முன்விளிம்பிலும் வெள்ளை வளையங்கள். இரண்டு பக்கத்திலும், மாலை வெயில் சரிந்து விழும்போது தெரியும் வட்ட வட்டமான நுண்கீறல்கள். பின்கதவின் கீழ் மூலையில் உள்ளங்கையளவு பெயின்ற் உரிந்திருந்தது.

"தம்பி, புழுதியோட கொண்டந்த வண்டியிலை இந்தக் கீறு இருக்கேல்லை. நீங்கள் கழுவினாப் பிறகுதான் இருக்கு. முழுப் பக்கமும் பெயின்ற் அடிக்கிற காசு நீங்கள்தான் தரவேணும்" என்றார்.

மச்சான்மாரில் மூத்தவர் மெஷினின் அழுத்தம் கூடிவிட்டது என்றார். இளையவர் ஷாம்புவில் குறை கண்டார். அதற்கு முன்பே இரண்டு தடவை ஷாம்பு மாற்றியும் இருந்தார். அவர்கள் எடுத்த நல்ல முடிவு, உடனே காசு கொடுத்து முடிக்காததும் மறுத்துச் சண்டை பிடிக்காததும். ஊரில் வாகன பெயின்ற் வேலையில் பழுத்த ஒரு பாஸை, அதாவது கைதேர்ந்த தொழிலாளியை, கூப்பிட்டார்கள். அவர் வானைத் தொடுவதற்கு முன் ஒன்று கேட்டார்: "வழக்கமாக் கழுவிற மாதிரி இன்னொரு வண்டியைக் கழுவுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

பார்த்தபோது தெரிந்தவை

முற்பகல் பதினொன்றரை மணி. புழுதி படிந்த இன்னொரு வான் வெட்டவெளியில் நின்றது. ஓடி வந்த சூடும் வெயில் சூடும் சேர்ந்து பொனற்றில் கை வைக்க முடியவில்லை. அரை நிமிடம் தண்ணீர் அடித்துவிட்டு, கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி நுரை அடித்தார்கள். தடித்த, வெண்மையான, வாடிக்கையாளர் ஃபோனில் படம் எடுக்கும் அளவுக்கு அழகான நுரை. பக்கங்களை முடித்துவிட்டுத் திரும்பியபோது பொனற்றின் நுரை படிந்து, ஓரங்களில் காய்ந்து பிசினாகியிருந்தது. தாங்கியும் குழாயும் வெயிலில் கிடந்ததால் அடித்த தண்ணீரே சூடாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

உடனே ஸ்பொஞ்சால் தேய்த்தார்கள். நுரை புழுதியை ஊறவைத்திருக்கிறது, ஆனால் அகற்றவில்லை. அகற்றுவது நுரைக்குப் பின் வரவேண்டிய தண்ணீர். அந்தத் தண்ணீர் வரும் முன்பே கை பட்டுவிட்டது. இருவருக்கும் ஒரே வாளி. சக்கரம் தேய்த்த ஸ்பொஞ்சும் அதே வாளிக்குள் போனது. காலையிலிருந்து மாற்றாத அந்த வாளியைக் கடைசியில் கவிழ்த்தபோது அடியில் விரற்கணு உயரத்துக்கு மணல் இருந்தது. வட்டக் கீறல்களுக்கு வேறு விளக்கம் தேடவேண்டி இருக்கவில்லை.

பிறகு சக்கர வளைவின் சேற்றுக்காகச் சுழலும் டேர்போ நொசில் பூட்டப்பட்டது. ஒற்றைத் தாரை நீர் வேகமாகச் சுழன்று அடிக்கும் நொசில் அது; கொங்கிரீற் தரைக்கும் ட்ரக்ரர் ரயருக்கும் சரி. வளைவை முடித்த இளைஞர் அதைக் கழற்றாமலே பின்கதவின் கீழ் விளிம்புக்கு மேலேற்றினார். நொசிலுக்கும் பெயின்ற்றுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

துடைப்பது என்ற வேலையே இருக்கவில்லை. "ஓட்டத்திலை காயும்" என்று வாகனத்தை அனுப்பினார்கள்.

ஃபோம் கன் போத்தலில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டபோது பாதி ஷாம்பு, பாதி தண்ணீர் என்றார்கள். ஷாம்பு குறைந்த நாட்களில் உடுப்புத் தோய்க்கும் தூளும் போட்டதாக மறைக்காமல் சொன்னார்கள். அந்தத் தூளில் சலவைச் சோடா இருக்கும். கடின நீரில் உள்ள கல்சியத்தோடு அது சேர்ந்தால் சுண்ணாம்பாகப் படியும். மெழுகுப் பூச்சையும் உரித்துவிடும். மெழுகு போன பெயின்ற்றில் தண்ணீர் முத்தாக உருண்டு ஓடாது, தட்டையாகப் பரந்து நின்று காயும்.

நீரை ஆராய்ந்தது

ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. ஒரு போத்தலில் கிணற்று நீர், இன்னொன்றில் ஒரு வீட்டில் சேமித்து வைத்திருந்த மழைநீர். இரண்டிலும் குளிக்கும் சவர்க்காரத்தைச் சம அளவு சீவிப் போட்டுக் குலுக்கினார்கள். மழைநீரில் நுரை நின்றது. கிணற்று நீரில் நுரை வராமல் தயிர் திரைந்தது போலத் துகள் மிதந்தது. இந்தச் சோதனைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தையோ வாகன ஷாம்புவையோ பாவிக்கக்கூடாது. அவை கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை, வித்தியாசத்தைக் காட்டா. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: ஃபோம் கன்னில் நுரை நன்றாக வருகிறது, ஆகவே தண்ணீர் நல்லது என்று நினைக்கிறார்கள்.

அடுத்து, பழைய பக்கக் கண்ணாடி ஒன்றில் இரண்டு நீரிலும் ஒவ்வொரு துளி விட்டு வெயிலில் வைத்தார்கள். மழைத்துளி காய்ந்த இடம் தெரியவில்லை. கிணற்றுத் துளி, வானின் பொனற்றில் இருந்த அதே வெள்ளை வளையத்தை விட்டது. ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ள நீர் என்று வைத்துக்கொண்டால், கழுவி முடிந்த வானில் இரண்டு லீற்றர் தங்கிக் காயும்போது அரைக் கிராமுக்கு மேல் வெள்ளைத் தூள் அதன் மேல் மிஞ்சும். ஷாம்புவை எத்தனை தடவை மாற்றினாலும் அது மிஞ்சும்.

மெஷினுக்குப் போகும் நீரின் அளவும் பார்க்கப்பட்டது. நுழைவுக் குழாயைக் கழற்றி 10 லீற்றர் வாளியில் பிடித்தபோது நிரம்ப 95 செக்கன் எடுத்தது. நிமிடத்துக்கு 6.3 லீற்றர். மெஷின் கேட்பது 8. இடையில் அரை அங்குலக் குழாய் 22 மீற்றருக்கு வளைந்து கிடந்தது, நுழைவு வடிகட்டியில் மணலும் சுண்ணாம்புச் செதிலும் அடைத்திருந்தன. நீர் போதாத பம் காற்றையும் சேர்த்து இழுக்கும். சத்தம் விட்டு விட்டு வரும், தாரை துடிக்கும், உள்ளே வோஷர்களும் வால்வுகளும் தேயும். "அழுத்தம் கூடிவிட்டது" என்று மூத்தவர் நினைத்த மெஷின் உண்மையில் தாகத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. தாரை பலமில்லாமல் வந்ததால்தான் இளைஞர்கள் நொசிலைப் பெயின்ற்றுக்குக் கிட்டக் கொண்டுபோகப் பழகியிருந்தார்கள்.

வேலையை நிறுத்த வைத்த ஒன்று

குழாயைக் கழற்றப் போன இடத்தில் யாரும் தேடாத இன்னொன்று கண்ணில் பட்டது. மெஷின், சுருள் வயர் ஒன்றின் வழியாக மின் எடுத்தது. சுருளை முழுதாக இழுக்காமல் பாதி சுற்றியபடியே பாவித்ததால் வயர் சூடாகியிருந்தது. அதன் முனை ஈரத் தரையில் கிடந்தது. செருகியைத் திறந்தபோது புவிக்கம்பி (ஏர்த் வயர்) பூட்டப்படவே இல்லை என்று தெரிந்தது. கோடையில் மண் வறண்டு கிடக்கும்போது நிலத்தில் அடித்த புவிமுளையின் தொடுகையும் குறையும். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று அந்த மெஷினைப் பிடித்த இரண்டு இளைஞர்களுக்கும் எதுவும் நடக்காதது அதிர்ஷ்டத்தால், முறையால் அல்ல.

வானின் முறைப்பாட்டைத் தள்ளிவைத்து அன்றே வேலை நிறுத்தப்பட்டது. இரண்டு நாள் கழுவல் இல்லை. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, கட்டடத்திலிருந்து மெஷின் நிற்கும் இடம் வரை 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் குழாய்க்குள் இழுக்கப்பட்டது. 2.2 கிலோவாற் மெஷின் 230 வோல்ற்றில் பத்து அம்பியருக்குக் கிட்ட எடுக்கும். மெல்லிய வயர் அதைத் தாங்காது. செருகுமிடம் தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், மூடியோடு வைக்கப்பட்டது. மின் கசிந்தால் தானாக நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் பூட்டி, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஒருவரின் பொறுப்பாக்கப்பட்டது. றப்பர் பூட்ஸ் இல்லாமல் மெஷினைத் தொடக்கூடாது. இந்தச் செலவைத்தான் மச்சான்மார் முதலில் செய்தார்கள். அது சரியான வரிசை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

நுழைவுக் குழாய் முக்கால் அங்குலமாக, 7 மீற்றராகக் குறைக்கப்பட்டது. அதே வாளி இப்போது 40 செக்கனில் நிரம்பியது, நிமிடத்துக்கு 15 லீற்றர். மெஷின் கேட்பதைப்போல ஒன்றரை மடங்காவது வரவேண்டும் என்பது நல்ல கணக்கு. தாங்கிக்கு மேல் கிடுகுப் பந்தல் போடப்பட்டது. இந்த வகைச் சிறிய மெஷின்கள் பலவற்றுக்கு உள்ளே போகும் நீர் 40 பாகை செல்சியசுக்கு மேற்படக்கூடாது என்று கையேட்டில் இருக்கும். நண்பகல் வெயிலில் கறுப்புத் தாங்கி அதைத் தாண்டக்கூடும். வடிகட்டியைக் கிழமைக்கு ஒருமுறை கழற்றி அலசுவதும் வழக்கமானது.

ஃபோம் கன்னுக்குள் இருந்த துளை 1.25 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 8 லீற்றர் மட்டுமே தரும் மெஷினுக்கு அது அகலம், 1.1 மில்லிமீற்றர் துளை மாற்றப்பட்டது. உள்ளே இருக்கும் கம்பிவலைச் சுருள் சுண்ணாம்பால் பாதி அடைத்திருந்தது. ஓர் இரவு வினாகிரியில் ஊறவைத்ததும் திறந்தது. நாள் முடிவில் போத்தலில் வெறுந்தண்ணீர் நிரப்பி அரை நிமிடம் அடித்துவிட்டால் அந்த வலை நீண்ட நாள் நிற்கும்.

கலவை அளப்பதில்தான் பெரிய மாற்றம் வந்தது. போத்தலில் என்ன விகிதம் என்பது ஒன்றையும் சொல்லாது, பெயின்ற்றில் விழுவது என்ன விகிதம் என்பதே கேள்வி. போத்தலில் ஒரு லீற்றர் வெறுந்தண்ணீர் நிரப்பி, கைப்பிடித் திருகை வழக்கமான இடத்தில் வைத்து, போத்தல் வெறுமையாகும் வரை பெரிய வாளிக்குள் அடித்தார்கள். வாளியில் 12 லீற்றர் சேர்ந்தது. அதாவது போத்தலில் உள்ளது பன்னிரண்டில் ஒரு பங்காகத்தான் வாகனத்துக்குப் போகிறது. ஷாம்பு கானில் 1 சதவீதம் போதும் என்று அச்சிட்டிருந்தது. 12 லீற்றருக்கு 1 சதவீதம் 120 மில்லிலீற்றர். அதுவரை ஊற்றிய 500 மில்லிலீற்றர் நான்கு மடங்குக்கும் மேல். கூடுதல் ஷாம்பு கூடுதலாகக் கழுவவில்லை. நுரையைத் தடிப்பாக்கி, அலசக் கூடுதல் தண்ணீர் கேட்டு, அலசாத இடத்தில் படையாக நின்றது. ஒரு வானுக்கு அரைப் போத்தல், அதாவது 60 மில்லிலீற்றர் ஷாம்பு போதுமாக இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய அளவுக் கிண்ணம் ஒன்று போத்தலோடு கட்டப்பட்டது. சலவைத் தூள் முற்றாக நிறுத்தப்பட்டது.

நுரை முதலா தண்ணீர் முதலா என்பதில் பாஸும் இளையவரும் உடன்படவில்லை. இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது. காய்ந்த புழுதிக்கு நேரடியாக நுரை அடித்தால் அது நீர்த்துப் போகாமல் புழுதிக்குள் இறங்கும், தூக்கி எடுக்கும். ஆனால் சூடான தகட்டில் அதே நுரை ஒன்றரை நிமிடத்தில் காய்கிறது. செய்து பார்த்து எடுத்த முடிவு இது: காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் வரும் புழுதி வாகனத்துக்கு முதலில் நுரை. நடுப்பகலில் வருவதைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிழலில் விட்டு, புறங்கையைத் தகட்டில் ஐந்து செக்கன் வைக்க முடிந்த பிறகு, தண்ணீர் அடித்து ஆற்றி, வடியவிட்டு நுரை. சேறு அப்பிய வாகனத்துக்கு எந்த நேரமும் முதலில் தண்ணீர்தான். நுரை களிமண் கட்டியைக் கரைக்காது.

நுரை கீழிருந்து மேலே அடிக்கப்படுகிறது. அழுக்குக் கூடிய கீழ்ப்பகுதிக்கு அதிக நேரம் கிடைக்கும், விடுபட்ட இடமும் தெரியும். அலசுவது மேலிருந்து கீழே. எத்தனை நிமிடம் ஊறவிடுவது என்பதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று பாஸ் சொன்னார், ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். நுரையின் ஓரம் மெலிந்து வழுக்கத் தொடங்கியதும் அலசவேண்டும். காலையில் ஐந்து நிமிடம் நிற்கும். நண்பகல் நிழலில் இரண்டு, மூன்றுதான். ஆகவே பெரிய வானை ஒரே மூச்சில் மூடாமல் ஒரு பக்கம் அடித்து அலசிவிட்டு மறுபக்கம் போகிறார்கள். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் காற்றே நுரையைக் காயவைத்துவிடும். தகரக் கொட்டில் ஒன்று போட்டு, அதன் தென்மேற்குப் பக்கத்தைத் தறப்பாளால் அடைத்தது இதற்காக.

நுரையை அலசி, நீர் தெளிந்து ஓடும் வரை கை படக்கூடாது. இது விதியாகச் சுவரில் எழுதப்பட்டது. அதன் பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறுந்தண்ணீர். ஸ்பொஞ்சுக்குப் பதில் நீளமான இழையுள்ள மைக்ரோஃபைபர் கையுறை. மணல் இழைக்குள் ஒதுங்கும், ஸ்பொஞ்சில் அது மேற்பரப்பிலேயே நின்று கீறும். வெறுந்தண்ணீர் வாளியின் அடியில் மணல் தங்கும் தட்டாக இடியப்பத் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டார்கள். அவை மிதந்தன. கல் கட்டிய பிறகு நின்றன. சக்கரத்துக்குத் தனி வாளி, தனிப் பிரஷ், வேறு நிறம்.

நொசிலைப் பிடிக்கும் தூரத்துக்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முழக் கணக்கே எடுக்கப்பட்டது. பெயின்ற்றுக்கு, தாரை 40 பாகை விரியும் வெள்ளை நொசில், ஒரு முழத்துக்குக் கிட்ட வரக்கூடாது. திரும்ப பெயின்ற் அடித்த இடம், கல் தெறித்து விளிம்பு கிளம்பிய இடம், ஸ்ரிக்கர் ஓரம், இவற்றுக்கு இரண்டு முழம், தாரை விளிம்புக்குள் புகாத திசையில். அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுக்கும் 25 பாகை பச்சை. ரயரின் பக்கச் சுவர், ரேடியேற்றரின் மெல்லிய தகடுகள், மோட்டார் சைக்கிளின் செயினும் சக்கரப் பெயாரிங்கும், ஓட்டோவின் மின்வயர் மூட்டுகள் ஆகியவற்றில் நேர்த்தாரை படவே கூடாது. டேர்போ நொசில் ட்ரக்ரர் ரயருக்கும் தரைக்கும் மட்டும் என்று ஆக்கப்பட்டு, மூத்தவரின் மேசைக்குள் போனது.

கடைசி அலசலுக்கு மென்னீர் வேண்டும். உப்பால் நீரை மென்மையாக்கும் கருவி பற்றிப் பேசப்பட்டு, கைவிடப்பட்டது. அது அடிக்கடி கழித்துவிடும் உப்பு நீர் கிணற்றுப் பக்கத்து மண்ணுக்குத்தான் போகும். சுத்திகரித்த குடிநீரை வாங்கி அலசலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. குடிநீருக்குச் சனம் கானோடு வரிசையில் நிற்கும் மாவட்டத்தில் அதை வாகனத்துக்கு ஊற்றுவது முறையல்ல என்று மூத்தவர் மறுத்தார். அவர் செய்தது சரி. மாரி வரும்வரை ஈரம் காயும் முன் இரண்டு துணியால் துடைப்பது, மாரி தொடங்கியதும் தகரக் கூரை நீரைப் பிடிப்பது என்று தீர்ந்தது. ஆறுக்கு ஒன்பது மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 540 லீற்றர் விழும். சிந்தலும் முதல் அழுக்கு நீரும் போக 400 லீற்றராவது நிற்கும்.

வானுக்குச் செய்தது

பாஸ் மூன்று குறையையும் தனித்தனியே எடுத்தார். வெள்ளை வளையத்துக்கு, தகடு குளிர்ந்திருந்த காலையில், வினாகிரியும் மழைநீரும் சரிபாதி கலந்த துணியை ஒரு நிமிடம் போர்த்தி எடுத்து, உடனே நன்றாக அலசினார். முதலில் மறைவான ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான் பொனற்றுக்கு வந்தார். பெரும்பாலானவை போயின. வெயிலில் பல தடவை சுட்டுப் பூச்சைத் தின்றிருந்த ஒரு சில மட்டும் நின்றன. அவற்றுக்கும் வட்டக் கீறல்களுக்கும் கட் அண்ட் பொலிஷ், அதாவது மேற்பூச்சை மெல்லியதாகத் தேய்த்து மினுக்குவது. ஆழமான சில கீறல்களை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார். பூச்சின் தடிப்பைத் தின்று கீறலை அழிப்பது அடுத்த வருடம் பெயின்ற் மங்க வழி.

பின்கதவு மூலையில் காந்தம் பிடிக்கவில்லை. பெயின்ற்றுக்குக் கீழே தடிப்பாகப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) இருந்தது. பழைய அடியொன்றைப் பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள், அதன் விளிம்பு ஏற்கெனவே கிளம்பியிருந்தது, கிட்டப் பிடித்த டேர்போ தாரை அதற்குள் புகுந்து உரித்துவிட்டது. சொந்தக்காரர் அந்தப் பழைய வேலையை ஒப்புக்கொண்டார். மூலைக்குப் பெயின்ற் அடிக்கும் செலவு பாதி பாதி. பொலிஷ் செலவு முழுவதும் கழுவகத்தினுடையது. முழுப் பக்கமும் அடிக்கும் கோரிக்கை கைவிடப்பட்டது.

பிறகு நடந்தவை

இரண்டாம் கிழமையே ஒரு தவறு. நண்பகலில் காருக்கு நுரை அடித்த இளைஞர் வாடிக்கையாளரோடு கதைக்கப் போய்விட்டார், நுரை காய்ந்தது. இந்தத் தடவை அதைத் தேய்க்கவில்லை. மேலே புது நுரை அடித்து, பழையதை ஊறவைத்து, ஒரு நிமிடத்தில் அலசினார்கள். படை இல்லாமல் வந்தது. காய்ந்த நுரைக்கு இதுதான் வழி. நுரை அடித்தவரே அலசி முடிக்கும் வரை வேறு வேலைக்குப் போகக்கூடாது என்பது அன்று சேர்ந்த விதி.

நான்காம் கிழமையில் மெஷின், யாரும் கன்னை அழுத்தாதபோதே சில செக்கனுக்கு ஒருமுறை தானாக இயங்கி நின்றது. எங்கோ நீர் கசிகிறது என்பதன் அடையாளம் அது. கன்னும் ஹோஸும் சேரும் இடத்து ஓ-ரிங் என்ற றப்பர் வளையம் வெடித்திருந்தது. அதை மாற்றியதும் நின்றது. கவனிக்காமல் விட்டிருந்தால் திரும்பத் திரும்ப இயங்கி மோட்டர் சுட்டுப் போயிருக்கும். பம்மின் அடியில் ஒரு சொட்டுக் கசிவு மட்டும் தொடர்ந்தது. நீர் போதாமல் ஓடிய மாதங்களில் தேய்ந்த சீல்கள் அவை, பிறகு மாற்றவேண்டியதாயிற்று.

ஒரு வானுக்கு முன்பு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது, இப்போது நாற்பது. பொடி வோஷ் (வாகனத்தின் வெளிப்புறக் கழுவல்) விலையைக் கொஞ்சம் கூட்டினார்கள். சில ஓட்டோக்காரர் வேறு இடம் போனார்கள். ஷாம்புச் செலவு நன்றாகக் குறைந்தது. தாங்கியில் கோடு போட்டுப் பார்த்ததில் தண்ணீரும் குறைந்தது. ஐப்பசி மழையில் மழைநீர்த் தாங்கி நிரம்பியதும், கறுப்பு, நீலம் போன்ற கடும் நிற வாகனங்களுக்கு மட்டும் கடைசியில் 10 லீற்றர் மழைநீர் பூவாளியால் ஊற்றப்படுகிறது. நிரம்பிய 1000 லீற்றர் நூறு வாகனத்துக்கு வரும். வெள்ளை வானுக்கு அது தேவையில்லை, துடைத்தால் போதும்.

திருத்திச் செய்ய வேண்டியிருந்தவை

கழிவு நீரை இவர்கள் கடைசியாகத்தான் யோசித்தார்கள். அது முதலிலேயே வந்திருக்கவேண்டும். மணலும் எண்ணெயும் கலந்த நீர் வீதியோர வடிகாலில் விழுந்து வயல் வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிறகு மூன்று அறைத் தொட்டி கட்டப்பட்டது: முதலாவதில் மணல் தங்கும், இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும், அடியிலிருந்து எழும் குழாய் வழியாகத் தெளிந்த நீர் மூன்றாவதுக்குப் போகும். ஆனால் ஷாம்பு எண்ணெயை நீரோடு கலந்து மிதக்கவிடாமல் செய்துவிடும். அதனால் என்ஜின் கழுவும் நீரையும் நுரை நீரையும் ஒரே தொட்டிக்குள் விட்டால் எண்ணெய் பிடிபடாது. என்ஜின் கழுவும் இடம் தனியாக்கப்பட்டது தொட்டி கட்டி இரண்டு மாதத்துக்குப் பிறகு. வாகன சேவை நிலையங்களுக்குத் தேசிய சூழல் சட்டத்தின் கீழ் சூழல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவை. தொட்டியின் வரைபடத்தை அதற்கான விண்ணப்பத்தோடு சேர்த்தே யோசித்திருந்தால் இருமுறை சீமெந்து குழைத்திருக்க வேண்டாம்.

மற்றது, வாகனம் உள்ளே வரும்போதே சுற்றிப் பார்ப்பது. இப்போது தண்ணீர் படும் முன் நான்கு பக்கமும் ஃபோனில் படம் எடுக்கிறார்கள். கிளம்பிய பெயின்ற், வெடித்த கண்ணாடி, கழன்ற பீடிங் எதுவானாலும் சொந்தக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் மெஷினைப் போடுகிறார்கள். பழைய பட்டி வேலை உள்ள இடத்தைக் காந்தத்தால் தொட்டுப் பார்த்து, அங்கே மெஷின் இல்லை, குழாய் நீர்தான் என்று முன்பே சொல்கிறார்கள். நீல வான் மாதம் இரண்டு தடவை அங்கேயே வருகிறது; அதன் பின்கதவு மூலையை இப்போதும் குழாய் நீரால்தான் கழுவுகிறார்கள்.